பழைய வெள்ளி நாணயங்களைச் சோதிக்கும் பெட்டி: மூன்று மாதம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

பழைய வெள்ளி நாணயம் அசல்தானா என்பதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உள்ளங்கை அளவுள்ள மின்னணுத் தராசு, அதைச் சரிபார்க்க 100 கிராம் எடைக்கல், விட்டத்தையும் தடிமனையும் அளக்கப் பிளாஸ்டிக்கால் ஆன காலிப்பர், பூதக்கண்ணாடி, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு நியோடிமியம் காந்தம், உரைகல், சிறிய அமிலக் குப்பி, அச்சிட்ட வழிகாட்டி அட்டை ஆகிய எட்டுப் பொருள்கள் அதில் இருக்கின்றன. ஏறத்தாழ இதே பொருள்கள் பல பெயர்களில் விற்பனைக்கு வருவதாலும், எனக்கு இந்தப் பெட்டியின்மீது சில கடுமையான குறைகள் இருப்பதாலும், தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வகைப் பெட்டி எதை வாங்கினாலும், நான் கண்டவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

என் தந்தையார் விட்டுச் சென்ற தகர டப்பாவில் பத்தொன்பது வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவற்றை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எது உண்மையானது, எது அல்ல என்று தெரியாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அதற்காகவே இந்தப் பெட்டியை வாங்கினேன். விக்டோரியா உருவம் பொறித்த ரூபாய்கள், ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்கள், ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த தாலர் என்னும் பெரிய வெள்ளி நாணயம் ஒன்று, 1921ஆம் ஆண்டின் அமெரிக்க மோர்கன் டாலர், ஆசிய வணிகத்துக்காக அமெரிக்கா அடித்த வணிக டாலர் ஒன்று, மிகச் சிறிய இரண்டணா நாணயங்கள் சில என்று டப்பாவில் பல வகை இருந்தது சோதனைக்கு நல்லதாகப் போயிற்று. ஒரே வகை நாணயங்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், பெட்டியின் பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

முதலில் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டுகிறது. 100 கிராம் எடைக்கல்லை வெவ்வேறு நாள்களில் வைத்துப் பார்த்தபோது ஒருமுறைகூட 0.02 கிராமுக்கு மேல் விலகவில்லை. அரசு நாணயச்சாலைகள் வெளியிட்ட வெள்ளி நாணயங்களுக்குச் சட்டப்படியான எடை உண்டு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், மோர்கன் டாலர் 26.73 கிராம், வணிக டாலர் 27.22 கிராம், மரியா தெரேசா தாலர் 28.07 கிராம். புழங்கித் தேய்ந்த நாணயம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். கூடுவதற்குக் காரணம் ஏதும் இல்லை. என்னிடமிருந்த 1862ஆம் ஆண்டு முத்திரையுள்ள ரூபாய் 11.58 கிராம் நின்றது. அரசியின் கன்னமும் தலைமுடியும் மழுங்கியிருந்த அந்த நாணயத்துக்கு 0.08 கிராம் தேய்மானம் நியாயமானதே. நேர்மாறாக, எழுத்துகளெல்லாம் கூர்மையாக, தேய்மானமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு நாணயம் எடையில் மட்டும் பெரிதும் குறைந்தால், அங்கேயே சந்தேகிக்கத் தொடங்கிவிடலாம்.

எடை மட்டும் போதாது. செம்பைத் தடிப்பாக வெட்டி வெள்ளி முலாம் பூசினால் எடையைச் சரிக்கட்டிவிடலாம். எனவே அடர்த்தியைப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான். ஆர்க்கிமிடீஸ் வழியில் வந்த எளிய முறை இது. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட்டால், அப்போது தராசு காட்டும் எண் நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5. பழைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு என்பதால் அதன் அடர்த்தி 10.3 அளவில் வர வேண்டும்.

என் முதல் முயற்சியில் அந்த 1862 ரூபாய்க்குத் தராசு 1.17 காட்டியது, 11.58ஐ அதனால் வகுத்தால் 9.90 வந்தது. நாணயம் கள்ளம் என்றே நினைத்தேன். பிறகு கிண்ணத்தின்மேல் விளக்கைப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, விளிம்பின் வரிப்பள்ளங்களில் கடுகைவிடச் சிறிய காற்றுக் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மலர்க்கோல ஓரத்தின் குழிகளிலும் இரண்டு மூன்று இருந்தன. நாணயத்தை வெளியே எடுத்து, தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, ஈரக்கையால் விளிம்பை ஒருமுறை வருடிவிட்டுத் திரும்பவும் தொங்கவிட்டேன். 1.12 வந்தது; அடர்த்தி 10.34. வெறும் 0.05 கிராம் தண்ணீரை விலக்கிய காற்று ஓர் அசல் நாணயத்தைப் போலியாகக் காட்டிவிட்டிருக்கும். வழிகாட்டி அட்டையில் குமிழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த முறையை விளக்க இடம் ஒதுக்கியவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டது பெரிய பிழை.

அட்டையின்மீது எனக்குள்ள இன்னும் கடுமையான குறை வேறு. ‘அடர்த்தி 10க்குக் கீழே வந்தால் நாணயம் வெள்ளி அல்ல’ என்று அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டின் ரூபாயை நான் சோதித்தபோது 9.5 வந்தது. அட்டையை நம்பினால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆனால் 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பாதியில் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தன. எடை மட்டும் பழையபடி 11.66 கிராமாகவே வைக்கப்பட்டது. அந்தக் கலவைக்குக் கணக்குப்படி வர வேண்டிய அடர்த்தியே 9.5தான். பிரிட்டனின் வெள்ளி நாணயங்களும் 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளியாகவே வந்தன. அவையும் இந்த அட்டையின் தீர்ப்பில் தோற்றுப்போகும். மறுபக்கம், காரீயத்தின் அடர்த்தி 11.34 என்பதால், அதை வெள்ளீயத்தோடு தக்க அளவில் கலந்தால் 10.3ஐ எட்டிவிடலாம். எனவே நாணயம் எந்த ஆண்டு, எந்தக் கலவையில் வெளிவந்தது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குரிய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். எல்லா நாணயத்துக்கும் ஒரே எல்லைக்கோட்டைப் போடுவது தவறு என்பதைவிடத் தீங்கானது; ஒருவர் வீட்டில் உண்மையான நாணயம் குப்பைக்குப் போய்விடக்கூடும்.

தராசின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி இரண்டணா 1.46 கிராம்தான். அது விலக்கும் தண்ணீர் 0.14 கிராம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடி 0.15 ஆனால் அடர்த்தி 9.7, ஒன்று குறைந்து 0.13 ஆனால் 11.2. அதாவது இந்தத் தராசால் இரண்டணாவைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே வகை நாணயங்கள் பல இருந்தால் அவற்றை ஒன்றாகக் கட்டி மூழ்கடிக்கலாம். ஆனால் அந்தக் கட்டில் போலி ஒன்று இருந்தால் அது மற்றவற்றின் நிழலில் ஒளிந்துகொள்ளும். ரூபாய் அளவிலும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களுக்குத் தராசு முழு நம்பிக்கைக்குரியது. 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் தராசோடு வரும் மலிவுப் பெட்டிகளும் இருக்கின்றன. ரூபாய்க்குக்கூட அவை உதவாது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

காந்தத்தைப் பற்றிப் பலருக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஒட்டினால் போலி என்பது சரி, ஏனென்றால் வெள்ளியைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்பதுதான் தவறு. செம்பும் பித்தளையும் காரீயமும்கூட ஒட்டுவதில்லை. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் காந்தத்தை வழுக்கவிடும் சோதனை கொஞ்சம் மேலானது. வெள்ளி மின்சாரத்தை எல்லா உலோகங்களையும்விட நன்றாகக் கடத்துவதால், நகரும் காந்தம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அந்த மின்னோட்டமே காந்தத்தைத் தடுத்து மெல்ல இறங்கச் செய்கிறது. மோர்கன் டாலரின்மேல் காந்தம் தேனில் இறங்குவது போல இறங்கியதைப் பார்ப்பது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கடத்துதிறனில் செம்பு வெள்ளிக்கு அடுத்தபடியாக நிற்கிறது. உள்ளே செம்பும் மேலே வெள்ளி முலாமும் உள்ள துண்டிலும் காந்தம் இப்படித்தான் தயங்கி இறங்கும். பனிக்கட்டியை நாணயத்தின்மேல் வைத்தால் விரைவாக உருகும் என்று அட்டை சொல்லும் சோதனைக்கும் இதே பதில்தான், செம்பும் வெப்பத்தை வெள்ளிக்கு அருகிலேயே கடத்துகிறது.

காலிப்பர் போதுமானது. பிளாஸ்டிக் என்பதால் நாணயத்தில் கீறல் விழாது என்பது அதன் நன்மை. விட்டத்தைவிடத் தடிமனைக் கவனமாக அளப்பது பயன் தரும். மலிவான உலோகத்தில் செய்தவர்கள் எடையை ஈடுகட்டத் தடிமனைத்தான் கூட்டுவார்கள்.

பூதக்கண்ணாடியில் ‘30 மடங்கு’ என்று எழுதியிருக்கிறது. அளவுகோலின் கோடுகளை வைத்துப் பார்த்ததில் 10 மடங்குக்கு மேல் இல்லை. வேலைக்கு 10 மடங்கே போதும், அதைவிடப் பெரிதாக்கினால் பார்க்கும் பரப்பு குறைந்து கண் களைத்துவிடும். ஆனால் உண்மையை அச்சிட்டிருக்கலாம், ஒரு பொருள் அசலா என்று பார்க்க உதவும் பெட்டியில் இப்படி ஓர் எண்ணைப் போடுவது மனத்தை உறுத்துகிறது. இருந்தாலும் தராசுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கையில் எடுத்தது இதைத்தான். அச்சால் அடித்த நாணயத்தில் எழுத்தின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக எழும், அதைச் சுற்றிய தளம் இழுத்துவிட்டது போல வழவழப்பாக இருக்கும். வார்த்து எடுத்த போலியில் எழுத்தின் அடி உருண்டு தளத்தோடு கரையும்; தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இன்னும் முக்கியம். இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த துண்டாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் ஓடும். மின்முலாம் முறையில் செய்யப்பட்ட நகல்களிலும் இந்தத் தையலைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக இராபர்ட் ரெடி என்பவர் இம்முறையில் பழங்கால நாணயங்களின் நகல்களைச் செய்து, அவற்றின் விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பதித்தார். அந்த எழுத்துகளை அராவிவிட்டு அசல் என்று விற்க நினைப்பவருக்கும் அந்தத் தையலை முழுவதும் மறைப்பது எளிதல்ல.

டப்பாவிலிருந்த வணிக டாலரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பார்வைக்குக் கம்பீரமான நாணயம். கறுத்துக் களிம்பேறி, நூறாண்டு கடந்தது போலவே இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. விட்டம் 38.1 மில்லிமீட்டர், மிகச் சரியாக இருந்தது. எடை 23.40 கிராம், வர வேண்டியதைவிட ஏறத்தாழ நான்கு கிராம் குறைவு. தண்ணீரில் 2.72 காட்டியது, எனவே அடர்த்தி 8.60, பித்தளையைப் போன்ற ஏதோ ஒன்று. பூதக்கண்ணாடியில் கழுகின் சிறகுகளுக்கிடையே குழிகள் தெரிந்தன. இவ்வளவும் செய்து முடித்து எண்களைக் குறித்து வைக்கும்போதுதான் ஆண்டை எழுதினேன்: 1872. அமெரிக்க வணிக டாலருக்கு அனுமதி தந்த நாணயச் சட்டமே 1873ஆம் ஆண்டுடையது. அந்த நாணயம் தன் பொய்யைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருந்தது. தராசை எடுப்பதற்கு முன் நாணயத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதை அன்றுதான் உறுதியாக உணர்ந்தேன். பெட்டியின் அட்டை இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அமிலக் குப்பிக்கு வருகிறேன். இதைப் பெட்டியில் சேர்த்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளிச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுவது நைட்ரிக் அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த திரவம். வெள்ளியின் உரைகோட்டில் ஒரு துளி விட்டால் இரத்தச் சிவப்பாக மாறும். அந்தத் திரவம் தோலைச் சுட்டுவிடும், அதிலுள்ள குரோமியச் சேர்மம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இப்படிப்பட்ட குப்பியோடு கையுறையோ கண்ணாடியோ தரவில்லை. எச்சரிக்கையையும் படிக்க முடியாத பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பழைய உடையும் கையுறையும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே போலி என்று தெரிந்துவிட்ட அந்த வணிக டாலரில் மட்டும் செய்து பார்த்தேன். விளிம்பை உரைகல்லில் மெல்லத் தேய்த்தபோது விழுந்த கோடு முலாமிலிருந்து வந்தது. துளி விட்டதும் அழகாகச் சிவந்தது. அதே இடத்தில் அழுத்தித் தேய்த்து மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கிய பிறகு விழுந்த கோட்டில்தான் திரவம் பச்சையாக மாறியது. மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் போலிக்கு நானே நற்சான்று கொடுத்திருப்பேன். உள்வரை தேய்த்தால் உண்மை தெரியும். ஆனால் அது அசல் நாணயமாக இருந்திருந்தால் விளிம்பில் என்றும் மாறாத காயம் விழுந்திருக்கும். நகையை உரைத்துப் பார்க்கலாம், அதை மீண்டும் மெருகூட்டிவிட முடியும். நாணயத்துக்கு மெருகூட்டுவதே சேதம்.

சுண்டிப் பார்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். நாணயத்தை விரல்நுனியில் நிறுத்தி மற்றொரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல வெள்ளி கணீரென்று ஒலித்து ஓசை சற்று நேரம் நிற்கும். காரீயக் கலவை டொக்கென்று அடங்கிவிடும். மேலே சொன்ன காரீய வெள்ளீயக் கலவையை அடர்த்திச் சோதனை தவறவிட்டாலும் காது பிடித்துவிடும் என்பதால், இதற்குச் செலவே இல்லை என்றாலும் நான் இதை மதிக்கிறேன். ஆனால் விரிசல் விட்ட அசல் நாணயமும், கொக்கி பற்றவைத்துப் பதக்கமாக அணிந்த நாணயமும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

இந்தப் பெட்டி முழுவதும் விடை சொல்வது ‘இது வெள்ளிதானா’ என்ற கேள்விக்குத்தான். ‘இது அசல் நாணயம்தானா’ என்பது வேறு கேள்வி. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். என்னிடமுள்ள மரியா தெரேசா தாலர் இதற்கு நல்ல சான்று. எடை 28.05 கிராம், அடர்த்தி 10.2, விளிம்பில் நீதி, கருணை என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் புடைத்து நிற்கின்றன. அமிலச் சோதனையைத் தவிர, பெட்டியின் ஒவ்வொரு சோதனையிலும் தேறியது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1780, அந்த அரசி இறந்த ஆண்டு. ஆனால் வணிகர்கள் அந்த உருவத்தையே நம்பிக் கேட்டதால், அதே ஆண்டைப் பொறித்தபடி வியன்னாவிலும், பிற்காலத்தில் ரோம், இலண்டன், பாரிஸ், பம்பாய் போன்ற இடங்களிலும் அந்தத் தாலர் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டது. என் நாணயம் 1780இல் பிறந்ததா, 1940இல் பிறந்ததா என்பதைத் தராசு சொல்லாது. அரசியின் தோளிலுள்ள அணியூசியின் முத்துகள், கழுகின் வால் இறகுகள் போன்ற நுண்வேறுபாடுகளைக் கற்றவர்தான் சொல்ல முடியும். 1862 என்று பொறித்த ரூபாயும் அப்படியே. அந்த ஆண்டைத் தாங்கிய நாணயங்கள் 1874 வரை அடிக்கப்பட்டன.

சரியான மாற்றுள்ள வெள்ளியிலேயே, புதிதாகச் செய்த அச்சால் அடித்த போலிகளும் உண்டு; அரிய நாணயங்களுக்குத்தான் இந்த உழைப்பு செலவிடப்படுகிறது. எடை, அடர்த்தி, ஒலி எதிலும் அவை பிடிபடா. ஓர் அசல் நாணயத்தைப் படியெடுத்து அந்த அச்சைச் செய்திருந்தால், அசலில் தற்செயலாக விழுந்திருந்த ஒரு கீறலோ பள்ளமோ அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கும். நிபுணர்கள் பல நாணயங்களை ஒப்பிட்டு இதைத்தான் தேடுகிறார்கள். எக்ஸ் கதிரால் கலவையைக் காட்டும் கருவியும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கிறது. நெடுங்காலம் கிடந்த நாணயத்தின் மேற்பரப்பிலிருந்து செம்பு அரித்துப் போய்விடுவதால், உள்ளே இருப்பதைவிடக் கூடுதலான வெள்ளியை அது காட்டலாம். தடித்த முலாமிலும் ஏமாறலாம். அரிய நாணயம் என்று நம்ப இடமிருந்தால், நாணய ஆய்வில் பயிற்சி பெற்றவரிடம் நேரில் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எனவே, இந்தப் பெட்டியைத் தராசுக்காகவும் பூதக்கண்ணாடிக்காகவும் வாங்கலாம். இரண்டும் தனித்தனியாகத் தரமாகக் கிடைத்தால் பெட்டியே வேண்டியதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அமிலக் குப்பியுள்ள பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் குப்பியைத் திறந்த நிலையில் வைத்திருக்கவும் கூசி, சாக்கடையில் கொட்டவும் மனமின்றி, வேதிப்பொருள்களை முறைப்படி அழிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.

வழிகாட்டி அட்டையின் பின்புறம் வெறுமையாக இருந்தது. அதில் என் கையாலேயே ஒவ்வொரு நாணயத்தின் பெயர், அது வெளிவந்த ஆண்டுகள், சட்டப்படியான எடை, வெள்ளியின் பங்கு, அதற்கு வர வேண்டிய அடர்த்தி ஆகியவற்றை எழுதி, கடைசியில் குமிழியைத் துடைக்க வேண்டும் என்றும் சேர்த்துவிட்டேன். இப்போது அந்த அட்டை தகர டப்பாவில் நாணயங்களோடு இருக்கிறது. வணிக டாலரையும் டப்பாவிலேயே வைத்திருக்கிறேன், தனி உறையில், ‘1872 என்று பொறித்தது, 23.40 கிராம், போலி’ என்று மேலே எழுதி.